தூண்டில் வளைவில் மீன் பிடிக்க: குமரிக் கடற்கரைக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கிழக்கே ஆரோக்கியபுரம் தொடங்கி மேற்கே நீரோடி வரை, குமரி மாவட்டக் கரையில் பல ஊர்களில் கடலுக்குள் கல் அடுக்கிச் சுவர் நீட்டியிருக்கிறார்கள். கடலரிப்பைத் தடுக்கவும், வள்ளங்கள் கரையேறக் கொஞ்சம் அமைதியான தண்ணீர் கிடைக்கவும் கட்டியவை அவை. நுனி வளைந்திருப்பதால் தூண்டில் வளைவு என்று பெயர். மீன் பிடிக்கவென்று கட்டியவை அல்ல. ஆனால் கரையில் நின்று தூண்டில் போட இதைவிட நல்ல இடம் நம் பக்கம் கிடையாது. கல்லில் பாசி படிகிறது, சிப்பி ஒட்டுகிறது, இடுக்கில் நண்டு குடியேறுகிறது. அவற்றைத் தின்னச் சிறுமீன் வருகிறது, அதைத் தின்னப் பெருமீன் வருகிறது. இந்தக் கூட்டத்தில் நஞ்சுள்ளதும் உண்டு. ஆகவே தூண்டில் போடுவதைப் போலவே, ஏறிய மீன் எது என்று பார்த்தறிவதும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே நிற்பது

புதியவருக்குப் பொருத்தமானது, ஓர் ஊரின் நடுவில் இருக்கும், மேற்பரப்பு சமமான தூண்டில் வளைவு. பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும், தவறி விழுந்தால் கூப்பிடு தூரத்தில் உதவி கிடைக்கும். ஏறுவதற்கு முன் கரையில் வலை பின்னிக்கொண்டோ வள்ளத்தைக் கழுவிக்கொண்டோ இருப்பவரிடம், "அண்ணே, இங்க தூண்டில் போடலாமா? எந்தப் பக்கம் நிக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். அனுமதிக்காக மட்டும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் பாறை கிடக்கிறது, எந்த வழியாக வள்ளம் வரும், இன்று தண்ணீர் எப்படி இழுக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக வந்துவிடும். கரைமடி, அதாவது கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலை, இழுக்கிற நேரத்தில் அந்தத் தண்ணீரில் தூண்டில் எறியவே கூடாது. மடியில் உங்கள் கொக்கி மாட்டினால் இழுப்பவர்கள் கை கிழியும். கத்தோலிக்கர் வாழும் கடலோர ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்று வள்ளப் போக்குவரத்து குறைவு, பழகுவதற்கு வசதியான நாள்.

பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழி வேறு வகை. உப்பும் நன்னீரும் கலக்கும் இடம் என்பதால் கொடுவா, மடவை, கீச்சான் வரும். பொழி எனும் ஆற்று வாய் திறந்து, வற்றத்தில், அதாவது கடல் இறங்கும்போது, ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் பாயும்போது இழுப்பு மிகக் கடுமையாக இருக்கும். முழங்கால் தண்ணீரில்கூட இறங்கி நிற்க வேண்டாம்.

சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் துறைமுகங்களில் அலைத்தடுப்புச் சுவர்கள் பெரியவை, மீனும் நிறைய. ஆனால் அவை படகுகள் தொழில் செய்யும் இடம். உள்ளே விடுகிறார்களா என்று கேட்டுவிட்டே போக வேண்டும். தேங்காப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரப் பக்கம் மணல் மேடிட்டு அலை மடிந்து விழும்; அனுபவமுள்ளவர்கள் ஓட்டும் படகுகளே அங்கே கவிழ்ந்திருக்கின்றன. அந்தச் சுவரின் நுனிக்குப் போக வேண்டாம். முட்டத்துப் பாறைகளும் கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்துப் பாறைகளும் படத்துக்கு அழகு, தூண்டிலுக்கு ஆகாது. நான்கு கால் கான்கிரீட் கட்டிகள் குவித்த இடங்களிலும் ஏறாதீர்கள். கட்டிகளுக்கு நடுவே விழுந்தவர் தானாக வெளியே வர முடியாது, அலை உள்ளேயே வைத்து மோதும்.

கடலைப் பார்ப்பது

கொக்கியில் இரை கோர்ப்பதற்கு முன் இருபது நிமிடம் சும்மா நின்று கடலைப் பாருங்கள். அலை ஒரே அளவில் வருவதில்லை. பத்துப் பதினைந்து சிறியவற்றுக்குப் பின் மூன்று நான்கு பெரியவை சேர்ந்து வரும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "கடல் அமைதியாக இருக்கிறது" என்று இறங்குபவர்தான் அந்தப் பெரிய அலைகளிடம் மாட்டுகிறார். கல்லையும் பாருங்கள். நிற்க நினைக்கும் கல் நனைந்திருந்தால், அல்லது அதில் பச்சைப் பாசி வழுவழுவென்று இருந்தால், அங்கே தண்ணீர் ஏறுகிறது என்று பொருள். காய்ந்த வெளிர் கல்லில் மட்டும் நில்லுங்கள். கடலுக்கு முதுகு காட்டி நின்று இரை கோர்க்க வேண்டாம்.

காற்றே இல்லாமல் கடல் ஏறுவதும் இந்தக் கரையில் உண்டு. கள்ளக்கடல் என்பது அதற்குப் பெயர். தெற்கே இந்தியப் பெருங்கடலின் தொலைவில் வீசும் புயலால் எழும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். வானம் தெளிவாக இருக்கும், கடல் பளிங்காகத் தெரியும், அலைக்கும் அலைக்கும் இடைவெளி பதினைந்து வினாடியைத் தாண்டும். வரும் ஒவ்வொன்றும் கரையை மூடிவிட்டுப் போகும். சித்திரை, வைகாசியில் கூடுதல் கவனம் வேண்டும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்ததும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அது வந்த நாளில் தூண்டில் வீட்டிலேயே இருக்கட்டும்.

மேற்குப் பக்கக் கரையில் ஆனி முதல் ஆவணி வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்றும் கொந்தளிக்கும் கடலும். அப்போது புதியவருக்கு வேலை இல்லை. ஐப்பசிக்குப் பின் மழை ஓய்ந்த நாட்களிலிருந்து மாசி, பங்குனி வரை தண்ணீர் தெளிந்து அலை அடங்கியிருக்கும், அதுதான் பழகும் காலம். நம் மாவட்டம் இரு கடல்களுக்கும் பொது என்பதால் மீன்பிடித் தடைக்காலமும் இரண்டாக வருகிறது: கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்தத் தடை விசைப்படகுகளுக்கானது, கரைத் தூண்டிலுக்கு அல்ல.

இங்கே கடல்நீரின் ஏற்ற இறக்கம் பெரிதில்லை, அமாவாசை பௌர்ணமியிலும் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் மீனுக்கு அது போதும். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் இறங்கத் தொடங்கும் முதல் மணி நேரமும் விடியலோடோ அந்தியோடோ சேர்ந்து வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். இருட்டும் முன் கல்லை விட்டு இறங்கிவிடுங்கள்.

சாமான்கள்

கைத்தூண்டிலில் தொடங்குங்கள். 0.45 அல்லது 0.50 மில்லிமீட்டர் தங்கூசி (நைலான் நரம்பு) நூறு மீட்டர், ஒரு பிளாஸ்டிக் சுருள் அல்லது வழுவழுப்பான மரக்கட்டையில் சுற்றியது, கொக்கிகள் மூன்று அளவில், ஈயம் பத்து, ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இரு கண் இணைப்பு) ஐந்தாறு. இவ்வளவுதான். ராடும் ரீலும் வாங்குவதானால் 10 முதல் 12 அடி ராடு, 5000 எண் ரீல், 0.35 அல்லது 0.40 மில்லிமீட்டர் தங்கூசி. பின்னல் நூல் மெல்லியது, வலுவானது, தூரம் போகும்; ஆனால் சிப்பி ஒட்டிய கல்லில் ஒரு முறை உரசினால் அறுந்துவிடும். கல் சூழ்ந்த இடத்தில் புதியவருக்குத் தங்கூசியே நல்லது. மடக்கு ராடுகளில் மலிவானவை மூட்டு மூட்டாக உப்புப் பிடித்து ஒரு மாதத்தில் இறுகிவிடும்.

கொக்கி எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. 8, 6, 4, 2 என்று எண் குறையக் குறையக் கொக்கி பெரிதாகும். 1-க்குப் பின் 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும். கிழங்கான், கீச்சானுக்கு 8 அல்லது 6, விளமீன், சிறு கலவாவுக்கு 2 முதல் 1/0, பாரைக்கு 3/0. முதல் நாளில் எல்லாருமே பெரிய கொக்கியைத்தான் எடுக்கிறார்கள். சிறு வாய் மீன் இரையை மட்டும் கடித்துத் தின்றுவிட்டுப் போய்விடும், கொக்கி வெறுமையாக வரும். 6-ஐக் கட்டுங்கள்.

இவற்றோடு கட்டாயம் வேண்டியவை: நீண்ட மூக்குக் குறடு, நரம்பு வெட்டக் கத்தரி, தடித்த ஈரத்துணி, இரண்டு வாளி, பனிக்கட்டிப் பெட்டி, காலை இறுகப் பிடிக்கும் ரப்பர் அடிச் செருப்பு அல்லது காலணி, மிதவைச் சட்டை. வார்ச்செருப்போடு கல்லேற வேண்டாம்.

கட்டும் முறை

கல் நிறைந்த அடியில் அதிகம் போவது ஈயம்தான். அதனால் ஈயம் மட்டும் அறுந்து மீதி தப்புகிற மாதிரி கட்ட வேண்டும்.

1. தங்கூசியின் நுனியை ஸ்விவலின் ஒரு கண்ணில் நுழைத்து, மூல நரம்பின் மேல் ஐந்து அல்லது ஆறு சுற்று சுற்றுங்கள். நுனியைக் கண்ணுக்கு அடுத்துள்ள சின்ன வளையத்தில் நுழையுங்கள். எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசல் சூட்டில் அந்த இடமே பலமிழந்து, பின்னால் மீன் இழுக்கும்போது முடிச்சிலேயே அறும்.

2. ஸ்விவலின் மறுகண்ணில் 0.40 தங்கூசி ஒரு மீட்டர் கட்டுங்கள். அதன் நடுவில் ஒன்று, கீழிருந்து ஒரு சாணில் ஒன்று என இரண்டு கண்ணிகள் போடுங்கள். நரம்பை மடித்து, மடிப்பை இரண்டு முறை முறுக்கி முடிந்தால் கண்ணி பக்கவாட்டில் நீட்டி நிற்கும். கண்ணி பத்து சென்டிமீட்டருக்கு மேல் போனால் மூல நரம்பிலேயே சுற்றிக்கொள்ளும்.

3. கண்ணியைக் கொக்கிக் கண்ணின் வழியே நுழைத்து, கொக்கியின் மேலாகத் திருப்பிப் போட்டு இழுத்தால் கொக்கி பூட்டிக்கொள்ளும், கழற்றவும் எளிது.

4. கீழ் நுனியில் 0.25 தங்கூசி ஒரு சாண் கட்டி, அதில் 40 முதல் 60 கிராம் எடை. மாட்டினால் இந்த மெல்லிய துண்டுதான் முதலில் அறும். எடைக்கு ஈயமே வேண்டும் என்பதில்லை; பைக் மெக்கானிக் கடையில் கழித்துப் போடும் பழைய ஸ்பார்க் பிளக்கும், துருப்பிடித்த நட்டும் போதும். கடலில் போவது எப்படியும் போகப்போகிறது, ஈயமாக இல்லாதிருப்பது நல்லது.

ஊளி, முரல் போன்ற பல்மீன் திரியும் நாளில் கொக்கிக்கு முன் ஒரு சாண் மெல்லிய எஃகுக் கம்பி வேண்டும். இல்லையென்றால் கத்தரித்தது போல நரம்பு வரும்.

இரை

சாளை எங்கும் கிடைக்கும், வாசனை வலுவாகப் பரவும், ஆனால் சதை மென்மை. எறியும்போதே பிய்ந்து போகும். முதல் நாள் இரவே சுத்தம் செய்து, கல்லுப்பைத் தாராளமாகத் தூவி ஒரு டப்பாவில் வைத்தால் காலையில் தண்ணீர் விட்டு இறுகியிருக்கும். விரல் அகலத் துண்டாக, தோலோடு வெட்டி, கொக்கியைத் தோல் பக்கமாக இரண்டு முறை குத்தி எடுங்கள். கொக்கி நுனி வெளியே தெரிய வேண்டும். புதைந்து கிடந்தால் மீன் வாயில் ஏறாது.

கணவாய் கீற்று விலை கூடுதல், ஆனால் சிறுமீன் எளிதில் பிய்க்க முடியாது. ஒரு கீற்றில் மூன்று மீன்கூடப் பிடிக்கலாம். இறால் எல்லா மீனுக்கும் பிடித்த இரை, நஞ்சுள்ள பேத்தைக்கும் சேர்த்து. கல்லோரத்துக்கு மிக நல்லது சிப்பிச் சதை. அதே கல்லில் வளர்ந்தது என்பதால் அங்குள்ள மீனுக்கு அது பழகிய சாப்பாடு. வழுக்கும் என்பதால் தையல் நூலால் ஐந்தாறு சுற்று சுற்றிக் கொக்கியோடு கட்ட வேண்டும். பொழியில் மடவைக்கு மைதா உருண்டை, சிறு கொக்கி, தக்கை.

எறிவதும் கடி அறிவதும்

முதலில் பின்னால் பாருங்கள். கைத்தூண்டிலில் ஒரு மீட்டர் நரம்பைத் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் இரண்டு சுற்று சுழற்றி விட்டால் போதும். வேண்டிய நரம்பை முன்பே வாளியில் தளர்வாகச் சுருட்டி வைத்திருங்கள். காலடியில் கிடந்தால் காலில் சுற்றும், கல் இடுக்கிலும் போய் மாட்டும்.

புதியவர்கள் முழு பலத்தோடு தூரத்துக்கு எறிகிறார்கள். தூண்டில் வளைவில் மீன் பெரும்பாலும் கல்லடியிலிருந்து ஐந்து, பத்து மீட்டருக்குள்தான் நிற்கிறது. முதலில் அங்கே விடுங்கள். எடை அடியைத் தொட்டதும் நரம்பு தளரும்; தளர்வை எடுத்து ஆள்காட்டி விரல் மேல் வைத்துக்கொள்ளுங்கள். படபடவென்று நடுங்கினால் சிறுமீன் கொத்துகிறது, பொறுங்கள். ஒரே இழுப்பாக நரம்பு போனாலோ, திடீரென்று தளர்ந்தாலோ அப்போது ஓர் எட்டு பின்வைத்துச் சீராக இழுங்கள். கலவா கடித்தால் பொறுக்கவே கூடாது. மூன்று வினாடியில் பொந்துக்குள் போய்ச் செவுளை விரித்து அடைத்துக்கொள்ளும். போய்விட்டால் நரம்பை முழுதும் தளர்த்தி ஐந்து நிமிடம் விடுங்கள், சில நேரம் தானாக வெளியே வரும்.

அடிக்கடி கல்லில் மாட்டுகிறதா? எடை அடியில் உருள்கிறது. கொஞ்சம் கூடுதல் எடை போடுங்கள், இழுக்கும்போது நிறுத்தி நிறுத்தி இழுக்காமல் விரைவாக மேலே தூக்குங்கள். மாட்டியதை அறுக்கும்போது நரம்பைக் கையில் சுற்றாதீர்கள். துணியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக இழுங்கள். விடுபட்ட எடை கல் எறிந்தது போலத் திரும்பி வரும்.

மீனைத் தூக்கும்போதுதான் பாதி மீன் போகிறது. இரண்டு மீட்டர் உயரக் கல்லில் அரைக் கிலோவுக்கு மேற்பட்டதை நரம்பில் தூக்கினால் வாய் கிழியும். பழைய சைக்கிள் ரிம்மில் வலைத் துண்டைக் கட்டி, மூன்று கயிற்றில் தராசுத் தட்டு போலத் தொங்கவிட்டால் நல்ல ஏந்துவலை. அதைத் தண்ணீருக்குள் முன்பே இறக்கி, மீனை அதன் மேல் கொண்டுவந்து தூக்குங்கள். மீனுக்காக நனைந்த கல்லில் இறங்காதீர்கள்.

ஏறியது என்ன மீன்?

தெரியாத மீன் ஏறினால் கையால் பிடிக்கக் கூடாது. நரம்போடு தூக்கிக் கடல்நீர் உள்ள வாளிக்குள் விட்டுவிட்டுப் பாருங்கள். பெயரைத் தேடத் தொடங்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும். நமக்குச் சாளை, வேறிடத்தில் மத்தி. நமக்கு அயிலை, வேறிடத்தில் காணாங்கெளுத்தி. நம் நெய்மீன் சென்னையில் வஞ்சிரம். தூத்துக்குடியில் சீலா என்றால் இந்த நெய்மீன், சென்னையில் சீலா என்றால் ஊளி. சீலா என்று கேட்டு வாங்கியவருக்கும் விற்றவருக்கும் மனத்தில் வேறு வேறு மீன் இருக்கும். ஆனால் உடம்பு மாறாது: நெய்மீனுக்கு வாலுக்கு முன்னால் மேலும் கீழும் வரிசையாகக் குட்டித் துடுப்புகள் இருக்கும்; ஊளிக்கு அவை இல்லை, முதுகில் இரண்டு துடுப்பு தள்ளித் தள்ளி நிற்கும், கீழ்த்தாடை நீண்டிருக்கும்.

பார்க்கும் வரிசை இது. முதலில் வாயும் பல்லும், அடுத்து தோல், பிறகு முதுகு முள், கடைசியாக வால். நிறத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம், செத்த பத்து நிமிடத்தில் மாறிவிடும்.

வாயில் கிளி மூக்குப் போலப் பற்கள், தோலில் செதில் இல்லை, வயிற்றுத் துடுப்பே இல்லை, ஒரே ஒரு சின்ன முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்தில், தொட்டால் வயிறு பந்தாக உப்புகிறது என்றால் அது பேத்தை. மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பல் பலகைகள் இருக்கும். உடம்பெங்கும் முள் நிமிர்ந்தால் முள்ளம்பேத்தை. பேத்தையின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. வேகவைத்தாலும் பொரித்தாலும் காயவைத்தாலும் அது அழியாது, மாற்று மருந்தும் கிடையாது. உதடும் நாக்கும் மரத்துப்போவது முதல் அறிகுறி, பிறகு மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். "தோலுரித்து ஈரலை எடுத்துவிட்டால் தின்னலாம்" என்று யார் சொன்னாலும் வேண்டாம். பூனைக்கும் நாய்க்கும் கோழிக்கும் போட வேண்டாம். கொக்கி நரம்பை அறுத்துக் கடலிலேயே விட்டுவிடுங்கள்; கல்லில் எறிந்துவிட்டுப் போனால் ஏதாவது உயிர் தின்னும்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது கிளாத்தி. அதற்கும் சின்ன வாய், தடித்த பல், தோல் பை போன்ற முரட்டுத் தோல். ஆனால் உடம்பு தட்டை, முதுகில் ஒரு தடித்த முள் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். அதன் பின்னால் உள்ள சிறிய இரண்டாவது முள்ளை அழுத்தினால்தான் மடங்கும். முதுகில் அந்தப் பூட்டு முள் இருந்தால் கிளாத்தி, இல்லாமல் வயிறு உப்பினால் பேத்தை. கிளாத்தி நம் பக்கம் நிறையப் பிடிபடுவது, தோலுரித்துச் சமைப்பது. தோலைத் தலைக்குப் பின்னால் வட்டமாகக் கீறி, குறட்டால் பிடித்து வால் பக்கம் இழுத்தால் சட்டை கழற்றுவது போல வரும். இரண்டில் எதுவென்று சந்தேகம் இருந்தால் பேத்தையாகவே கொள்ளுங்கள்.

செதில் இல்லாத வழுக்கு உடம்பு, வாயோரம் மீசை என்றால் கெளிறு வகை. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என மூன்று ஈட்டி முள், மூன்றிலும் நஞ்சு. கறுத்த உடம்பில் வெள்ளைக் கோடுகள் ஓடி, வால் விலாங்கு போலக் கூராக முடியும் சிறு கடல்கெளுத்திக்கு நஞ்சு இன்னும் கடுமை; கூட்டமாக வரும், ஒன்று ஏறினால் இடத்தை மாற்றுங்கள்.

இலை வடிவத் தட்டை உடம்பு, முயல் போன்ற சிறு வாய், பழுப்பில் வெளிர் புள்ளிகள் என்றால் ஓரா. நல்ல கறிமீன். ஆனால் முதுகில் 13 முள், அடியில் 7 முள், ஒவ்வொரு வயிற்றுத் துடுப்பிலும் முன்னும் பின்னும் ஒவ்வொரு முள். குத்தினால் பல மணி நேரம் கடுக்கும். குறட்டால் கீழுதட்டைப் பிடித்துக் கொக்கியைக் கழற்றி, துடுப்புகளைக் கத்தரியால் வெட்டிய பிறகே தொடுங்கள்.

கல்லோடு கல்லாகப் பாசி நிறத்தில், பெரிய தலையும் மேல் நோக்கிய வாயுமாய்த் தொங்கும் மீனைத் தொடவே தொடாதீர்கள். அது தேள்மீன் வகை, நம் கடலிலேயே மிகக் கொடிய முள் உடைய கல்மீனும் அந்தச் சாதிதான். நரம்பை அறுத்துவிடுங்கள், கொக்கி போகட்டும். விசிறி போலத் துடுப்பு விரித்து வரிவரியாக அழகாக வரும் சிங்கமீனும் அதன் உறவு.

திருக்கை ஏறினால் வாலின் நடுவில் இருக்கும் அரம் போன்ற முள்ளைத் தேடுங்கள். வாலை வீசி அடிக்கும். கல்லில் ஏற்றாமல் தண்ணீரிலேயே அறுத்துவிடுவது நல்லது.

நீண்டு நெளிவது எதுவானாலும் முதலில் வாலைப் பாருங்கள். துடுப்பு எதுவுமில்லாமல், வால் மட்டும் துடுப்புக் கட்டை போலத் தட்டையாக, உடம்பில் செதில் தெரிந்தால் கடல்பாம்பு; கொடிய நஞ்சு. முதுகு முழுக்க ஒரே துடுப்பு ஓடி, தோல் வழுவழுவென்று, தலைக்குப் பின்னால் செவுள் துளை இருந்தால் விலாங்கு வகை. அதில் கல் பொந்தில் வாழும் அஞ்சாலைக்கு உள்நோக்கி வளைந்த பல். கடித்தால் விடாது, கிழித்துக்கொண்டுதான் வரும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே, கத்தரி.

இனி கவலையில்லாத மீன்கள், சட்டென்று அறிய: வாலோரம் கத்தி முனை போல வரிசைச் செதில் கையில் உரசினால் பாரை அல்லது வங்கடை. உடம்பில் மூன்று வளைந்த கருங்கோடு, பிடித்தால் கீச்சென்று சத்தம் என்றால் கீச்சான். செவுள் மூடியில் ஒரு கூர்முள், கவனம். நீண்ட மூக்கு, தடித்த உதடு, கன்னத்தில் செதில் இல்லை என்றால் விளமீன். அதே தோற்றத்தில் சிவந்து, கன்னத்தில் செதிலும் வாயில் கோரைப் பல்லும் இருந்தால் செம்பல்லி. பெரிய வாய், புள்ளி உடம்பு, வட்ட வால் என்றால் கலவா. மணல் நிறத்தில் கூர்மூக்கோடு நீண்டது கிழங்கான். தட்டைத் தலை, முதல் முதுகுத் துடுப்பில் நான்கே முள் என்றால் மடவை.

அப்படியும் தெரியவில்லையா? மீனை இடப்பக்கம் பார்க்கப் படுக்கவைத்து, துடுப்பைக் குச்சியால் விரித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம். வாயைத் திறந்து பல் தெரிய இன்னொன்று. அதை எடுத்துக்கொண்டு காலையில் ஏலக் கூடத்துக்குப் போய், மீன் விற்கும் பெண்களிடம் "அக்கா, இது என்ன மீனு? திங்கலாமா?" என்று கேளுங்கள். ஒரு நாளில் பல வகைகளைக் கையாளும் அவர்களைவிட நம்பத்தக்க கண் கரையில் இல்லை. இரண்டு பேரிடம் கேட்டு இருவரும் ஒரே பெயர் சொன்னால்தான் சட்டி ஏற்றுங்கள்.

கடல் ஆமை, கடல்குதிரை, கடல் அட்டை, வேளா எனும் ரம்பமீன், அம்மணி உழுவை எனும் திமிங்கலச் சுறா ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. எது கொக்கியில் வந்தாலும் அறுத்துத் தண்ணீரில் விட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோவது குற்றம்.

குத்தினால், கடித்தால்

கெளிறு, ஓரா, திருக்கை, தேள்மீன் முள் குத்தினால் வழி ஒன்றே: சுடுநீர். இந்த நஞ்சு சூட்டில் கெடும் புரதம். தாங்கும் அளவுக்குச் சூடான, ஏறத்தாழ 45 டிகிரித் தண்ணீரில் குத்திய இடத்தை 30 முதல் 90 நிமிடம் வையுங்கள். சூட்டை அடிபடாத கையால் சோதியுங்கள். வலியில் இருக்கும் கைக்குச் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். அதனால் பிளாஸ்க்கில் சுடுநீர் கொண்டுபோவது வீண் சுமை அல்ல. முள் ஆழமாகப் புதைந்திருந்தால், அதிலும் மார்பிலோ வயிற்றிலோ என்றால், பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நரம்பில் சொறி எனும் ஜெல்லிமீன் ஒட்டி வரும். அதன் இழை கையில் பட்டால் கடல்நீரால் கழுவுங்கள், நன்னீர் வேண்டாம், மணலால் தேய்க்கவும் வேண்டாம். இரண்டும் வெடிக்காத நஞ்சுப் பைகளை வெடிக்கவைக்கும். கடல்பாம்புக் கடியில் வலி குறைவாக இருப்பதால் ஏமாந்துவிடுவார்கள். கைகாலை அசைக்காமல் கட்டி, 108-ஐ அழைத்து நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பேத்தை தின்றவருக்கும் அதுவேதான், மரத்துப்போகத் தொடங்கும் வரை காத்திருக்காமல். யாராவது கடலில் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மூடி இறுக்கிய காலிக் கேனையோ கயிற்றையோ எறிந்துவிட்டு, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐ அழையுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோவது

பிடித்ததும் தலையில் ஓர் அடி, செவுளில் ஒரு கீறல், ரத்தம் வடிய இரண்டு நிமிடம், பிறகு பனிக்கட்டி. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்பது கணக்கு. மேலேயும் கீழேயும் இடையிலும் போட வேண்டும். வெயிலில் வாளியில் போட்டு வைத்த அயிலையிலும் சூரையிலும் ஹிஸ்டமின் உண்டாகும். மீன் பார்க்க நன்றாகவே இருக்கும், கொதிக்கவைத்தாலும் அது போகாது. தின்றால் முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும். உள்ளங்கை அளவுக்குக் குறைந்தவற்றை ஈரக்கையால் பிடித்துத் திரும்ப விடுங்கள்.

இறங்கும்போது அறுந்த நரம்புத் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிப் பையில் போடுங்கள். இருட்டில் வள்ளம் தள்ளுபவர் வெறுங்காலோடுதான் அந்தக் கல்லில் நடப்பார். வீட்டுக்கு வந்ததும் ரீலையும் குறட்டையும் நன்னீரில் மெதுவாகக் கழுவி நிழலில் உலர்த்தி, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பயன்படுத்திய கொக்கிகளைத் தனி டப்பாவில் வையுங்கள். புதியவற்றோடு சேர்த்தால் ஒரே வாரத்தில் எல்லாம் துருவேறிவிடும்.